பழைய பிசியில எதை வச்சுக்கலாம்? ஒரு ஸ்க்ரூ ஓட்டையின் கதை

இந்த வாரம் கொஞ்சம் தூசி தட்டப் போறோம்.

கோடம்பாக்கம், வடபழனி, அசோக் நகர் பக்கம் பல வீடுகள்ல ஹால் மூலையில ஒரு பழைய பிசி இருக்கும். 2012, 2013 வாக்குல ரிச்சி ஸ்ட்ரீட்ல அசெம்பிள் பண்ணினது. மூன்றாம் தலைமுறை கோர் ஐ5 பிராசசர், 8 ஜிபி டிடிஆர்3 ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், ஒரு கருப்பு கேபினட், அதோட சேர்ந்து வந்த எஸ்எம்பிஎஸ், ஒரு ஃபுல் எச்டி மானிட்டர். அக்கா அதுல காலேஜ் ப்ராஜெக்ட் முடிச்சு, வேலைக்குப் போய், லேப்டாப் வாங்கிட்டாங்க. இப்போ தம்பி அதைப் பார்த்து ஒரு கேள்வி கேக்கறான்: "இதை வச்சே ஒரு கேமிங் பிசி கட்டிடலாமா? எதை வச்சுக்கலாம், எதை மாத்தணும்?"

இதுக்கு பதில் சொல்ற வீடியோக்கள் ஏகப்பட்டது இருக்கு. நம்மது வரலாறு பேசுற ஷோ. அதனால அந்தக் கேள்விக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கிற இன்னொரு கேள்வியை நான் எடுத்துக்கறேன். 12 வருஷம் முன்னாடி வாங்கின ஒரு இரும்புப் பெட்டியில, போன மாசம் கடைக்கு வந்த மதர்போர்டு எப்படி அச்சு அசலா உட்காருது? உங்க பழைய போன்ல இருந்து ஒரு பார்ட்டைக் கழட்டி புது போன்ல போட முடியாது. மிக்சி ஜாரே அடுத்த மாடலுக்குப் பொருந்தாது. பிசிக்கு மட்டும் எப்படி இந்த வரம்?

இது தெரிஞ்சா, எதை வச்சுக்கணும்ங்கற கேள்விக்கும் பதில் கிடைச்சிடும்.

இந்தக் கேள்விக்கு இப்போ ஒரு அவசரமும் இருக்கு. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேணும், இன்டெல்னா எட்டாம் தலைமுறையோ அதுக்கு மேலயோ வேணும். நம்ம மூலையில இருக்கிற பிசி இந்தக் கணக்குல வராது. இன்னொரு பக்கம், ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கிட்டுப் போறதால ரேம் விலை ஏறிடுச்சு. 2025 டிசம்பர்ல மைக்ரான் நிறுவனம், நம்மளை மாதிரி ஆளுங்களுக்கு ரேம், எஸ்எஸ்டி விக்கிற தன்னோட குரூசியல் பிராண்டையே கைவிடறதா அறிவிச்சது. ஆக, பழசை விடச் சொல்றாங்க, புதுசு எட்டாத விலையில இருக்கு. நடுவுல நாம.

கோடம்பாக்கத்துக்குத் தெரிஞ்ச கணக்கு

முதல்ல, கோடம்பாக்கத்துல ஏற்கனவே இருக்கிற ஒரு பழக்கத்தைச் சொல்லிடறேன். சினிமா கேமரா வாடகைக்கு விடற யூனிட்களைப் பார்த்திருப்பீங்க. அங்க ஒரு கேமரா பாடிக்கு ஆயுள் ரொம்பக் கம்மி. புது மாடல் வந்தா பழசுக்கு கிராக்கி போயிடும். ஆனா லென்ஸ் அப்படி இல்ல.

ஜெர்மனியின் ஆரி நிறுவனம் 1982-ல் பிஎல் மவுன்ட் என்று ஒரு லென்ஸ் பொருத்தும் முறையைக் கொண்டு வந்தது. மற்ற கம்பெனிகளும் அதையே எடுத்துக்கிட்டாங்க. ஃபிலிம் ஓடின காலத்துல அந்த மவுன்ட்டுக்காகச் செய்த லென்ஸ், 2007-ல் வந்த ரெட் ஒன் டிஜிட்டல் கேமராவுல பொருந்தியது. 2010-ல் வந்த அலெக்சாவுலயும் பொருந்தியது. 2018-ல் ஆரியே பெரிய சென்சாருக்காக எல்பிஎல் என்ற புது மவுன்ட்டைக் கொண்டு வந்தபோது, பழைய பிஎல் லென்ஸைப் போட அடாப்டரும் சேர்த்தே வந்தது. அதனால 1998-ல் வந்த குக் எஸ்4 லென்ஸ் செட் வச்சிருக்கிறவர், ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்தும் அதை வச்சே சம்பாதிக்க முடியுது.

லென்ஸ் நல்லா இருக்கிறது மட்டும் இதுக்குக் காரணம் இல்ல. அது உட்கார்ற வளையம் பல பேர் ஒத்துக்கிட்ட ஒரு அளவு. ஒரு பொருள் எத்தனை வருஷம் வாழும்ங்கறதை, அந்தப் பொருளைவிட அது இன்னொண்ணோட சேர்ற இடம்தான் அதிகமா முடிவு பண்ணுது. இதை மனசுல வச்சுக்கிட்டு பிசிக்கு வருவோம்.

1981: ஒரு அவசரத்தில் திறந்த கதவு

1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் தன் முதல் பர்சனல் கம்ப்யூட்டரை அறிமுகப்படுத்தியது. ஐபிஎம் அதுவரை எல்லாத்தையும் தானே செய்யற கம்பெனி. ஆப்பிள் மாதிரி சின்னக் கம்பெனிகள் மேசைக் கணினி விற்க ஆரம்பிச்சதும், சீக்கிரம் ஏதாவது பண்ணணும்னு ஃபுளோரிடாவின் போக்கா ரட்டானில் ஒரு சின்ன டீமிடம் வேலை கொடுத்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த நேரம் சுமார் ஒரு வருஷம். அந்த நேரத்துல சொந்தமா சிப் வடிவமைக்க முடியாது. அதனால பிராசசரை இன்டெல்லிடமும், ஆபரேட்டிங் சிஸ்டத்தை மைக்ரோசாஃப்டிடமும், மற்றதைச் சந்தையிலும் வாங்கினார்கள்.

மதர்போர்டுல கார்டு செருக 5 ஸ்லாட் வச்சாங்க. அதுல மத்தவங்க கார்டு செய்யணும்ங்கறதுக்காக, சர்க்யூட் வரைபடம் முழுசையும், பயாஸ் புரோகிராமின் வரிகளையும் ஒரு கையேடாகவே அச்சடித்து விற்றார்கள். பயாஸ்னா, பவர் ஆன் பண்ணினதும் முதல்ல ஓடுற சின்ன புரோகிராம். அது மட்டும்தான் ஐபிஎம்மின் காப்புரிமையில் இருந்தது.

அந்த ஒரே பூட்டையும் காம்பாக் கம்பெனி நேர்மையான வழியில் திறந்தது. ஒரு குழு ஐபிஎம் பயாஸைப் படிச்சு, அது என்னென்ன செய்யுதுன்னு மட்டும் எழுதியது. அந்த வரிகளைக் கண்ணாலயே பார்க்காத இன்னொரு குழு, அந்தக் குறிப்பை வச்சு புதுசா ஒரு பயாஸ் எழுதியது. 1982 நவம்பரில் காம்பாக் தன் கணினியை அறிவித்தது. 1984-ல் ஃபீனிக்ஸ் டெக்னாலஜிஸ் இதே மாதிரி ஒரு பயாஸை எழுதி, கேட்டவங்களுக்கெல்லாம் விற்க ஆரம்பித்தது. அதுக்கப்புறம் யார் வேணும்னாலும் "ஐபிஎம் கம்பாட்டிபிள்" செய்யலாம்.

1987: கதவை மூடப் பார்த்தார்கள்

சந்தை கையை விட்டுப் போறதை ஐபிஎம் பார்த்துக்கிட்டு சும்மா இருக்கல. 1987 ஏப்ரலில் பிஎஸ்/2 என்ற புது வரிசையைக் கொண்டு வந்தது. அதுல மைக்ரோ சேனல்னு ஒரு புது ஸ்லாட். டெக்னிக்கலா பழசைவிட நல்ல ஸ்லாட்தான். ஆனா ரெண்டு நிபந்தனை. மத்த கம்பெனிகள் அதைப் பயன்படுத்தணும்னா லைசென்ஸ் கட்டணம் கட்டணும். ஏற்கனவே நீங்க வாங்கி வச்சிருக்கிற எந்தக் கார்டும் அதுல பொருந்தாது.

யோசிச்சுப் பாருங்க. நல்ல காசு கொடுத்து வாங்கின கார்டு, அடுத்த மெஷின்ல வெறும் பச்சைப் பலகை.

1988 செப்டம்பரில் காம்பாக் தலைமையில் 9 கம்பெனிகள் சேர்ந்து ஒரு பதில் கொடுத்தன. ஈஐஎஸ்ஏ என்று ஒரு ஸ்லாட். அதன் முக்கியமான அம்சம், பழைய கார்டும் அதே ஸ்லாட்டில் உட்காரும். அந்த ஸ்லாட் பெரிசா விக்கல, அது உண்மை. ஆனா மைக்ரோ சேனலும் ஜெயிக்கல. மக்கள் பழைய கார்டு பொருந்தற மெஷின்களையே வாங்கிக்கிட்டு இருந்தாங்க. தான் தொடங்கின வீட்டுக்கு ஐபிஎம்மால் பூட்டுப் போட முடியல. 2005-ல் ஐபிஎம் தன் பிசி பிசினசை லெனோவோவிடம் ஒப்படைத்து வெளியேறியது. பிஎஸ்/2-இல் இருந்து நமக்கு மிஞ்சினது, சில மதர்போர்டுகளின் பின்பக்கம் கீபோர்டு, மவுஸுக்கு இன்னமும் இருக்கிற அந்த வட்டமான போர்ட்.

ஏன் இவ்வளவு விரிவா சொல்றேன்னா, இந்த சண்டையில அந்தப் பக்கம் ஜெயிச்சிருந்தா, இன்னைக்கு "பழைய பார்ட்டை வச்சு பிசி கட்டறது"ன்னு ஒரு பேச்சே இருந்திருக்காது.

நம்ம ஊர்ல

இந்தியாவுக்குப் பழைய மெஷினோட ஒரு கசப்பான உறவு இருந்தது. 1960-களில் ஐபிஎம் மற்ற நாடுகளில் ஓடித் திரும்பிய கணினிகளைப் புதுப்பித்து இங்கே வாடகைக்கு விட்டது. பழசை நம்ம தலையில கட்டறாங்கன்னு அரசாங்கத்துல கோபம் இருந்தது. 1973-ல் வந்த அந்நியச் செலாவணிச் சட்டம், வெளிநாட்டுக் கம்பெனி தன் பங்கைக் குறைக்கணும்னு கேட்டது. ஐபிஎம் ஒத்துக்கலை. 1978-ல் இந்தியாவை விட்டே போனது. அது விட்டுப் போன மெஷின்களை ஓட்டிக் காப்பாற்றும் பொறுப்பு சிஎம்சி என்ற அரசு நிறுவனத்திடம் வந்தது. அதன் முழுப் பெயரே கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன். பெயர்லயே "பராமரிப்பு" இருந்த ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி.

1984 நவம்பரில் வந்த புதிய கணினிக் கொள்கை இறக்குமதியையும் தனியார் உற்பத்தியையும் இளக்கியது. 1991-ல் பொருளாதாரம் திறந்தது. 1997-ல் தகவல் தொழில்நுட்பப் பொருள்களுக்கான உலக வர்த்தக ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்து, 2005-க்குள் கணினிகளுக்கும் அவற்றின் பல பாகங்களுக்கும் இருந்த சுங்க வரியைப் படிப்படியாக எடுத்தது.

சென்னையில இந்த மாற்றம் போய் இறங்கின இடம் ரிச்சி ஸ்ட்ரீட். மவுன்ட் ரோடுக்குப் பின்னாடி, சிந்தாதிரிப்பேட்டை ஓரம், நரசிங்கபுரம் தெரு, வாலர்ஸ் ரோடு எல்லாம் சேர்ந்த ஒரு வட்டாரம். பிசி வர்றதுக்கு முன்னாடியே அது ரேடியோ பார்ட்ஸ், ஆம்ப்ளிஃபயர் பார்ட்ஸ் கிடைக்கிற இடம். ஒரு ரெசிஸ்டருக்காக ஒரு சந்து முழுக்க நடக்கிற ஆளுங்க இருந்த இடம். பக்கத்துலயே மீரான் சாகிப் தெரு, தமிழ் சினிமா விநியோகஸ்தர்களின் அலுவலகங்களுக்குப் பேர் போனது. கோடம்பாக்கத்துல எடுத்த படம் ஊர் ஊருக்குப் பிரிஞ்சு போன தெருவும், தைவான்ல செஞ்ச மதர்போர்டு வீடு வீடா பிரிஞ்சு போன தெருவும் கூப்பிடு தூரம்தான். 1994-ல் வந்த 'மகாநதி' அவிட் கணினியில் எடிட் செய்யப்பட்டது. அதிலிருந்து சினிமாவும் கம்ப்யூட்டரும் ஒரே வீட்டுல குடியேறிடுச்சு.

ஏற்கனவே சால்டரிங் ராடு பிடிச்ச கைகளுக்கு பிசி அசெம்பிள் பண்றது பெரிய விஷயமா இல்ல. பிராண்டட் பிசியைவிடக் குறைஞ்ச விலை. அதைவிட முக்கியம், பாகம் பாகமா பேசலாம். நான் பள்ளிக்கூடத்துல படிச்சப்போ அப்பாவோட முதல் தடவை அங்க போனது ஞாபகம் இருக்கு. கடைக்காரர் ஒரு துண்டுச் சீட்டுல கொட்டேஷன் எழுதினார். எழுதிட்டு, கடைசி ரெண்டு வரியை அடிச்சார். "சார், கேபினட்டும் மானிட்டரும் வீட்ல இருக்குன்னீங்களே, அது எதுக்கு திரும்ப? போர்டு, பிராசசர், ரேம் மட்டும் எடுத்துக்கங்க." விக்கிறவரே "இது உங்களுக்கு வேண்டாம்"னு சொல்ற சந்தை அது. அப்படிச் சொல்ல முடிஞ்சதுக்குக் காரணம் அவரோட நல்ல மனசு மட்டுமில்ல. அந்த கேபினட்டுக்கு ஒரு பொது அளவு இருந்தது.

ஸ்க்ரூ ஓட்டை

அந்த அளவோட பேர் ஏடிஎக்ஸ். 1995-ல் இன்டெல் வெளியிட்டது. போர்டு 305 மில்லிமீட்டருக்கு 244 மில்லிமீட்டர், ஸ்க்ரூ ஓட்டைகள் இந்தந்த இடத்தில், பின்பக்க போர்ட்களுக்கான சதுரம் இந்த இடத்தில், பவர் கனெக்டர் இப்படி. யார் வேணும்னாலும் அந்த ஆவணத்தைப் பார்த்துப் பெட்டி செய்யலாம். ரெண்டு வருஷம் கழிச்சு வந்த மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டும் அதே பெட்டியின் ஓட்டைகளில் பொருந்தற மாதிரி செய்யப்பட்டது. நம்ம கருப்பு கேபினட்ல புது போர்டு உட்கார்றது இதனாலதான்.

கேமிங்குக்கு இந்தத் திறந்த அமைப்பு என்ன பண்ணுச்சுன்னு பார்க்க, 1996-க்குப் போகணும். 3டிஎஃப்எக்ஸ் கம்பெனியின் வூடூ கிராஃபிக்ஸ் கார்டு வந்த வருஷம். அது ஒரு விசித்திரமான பொருள். சாதாரண திரையை அது காட்டாது. 3டி மட்டும்தான். அதனால உங்க பழைய கிராஃபிக்ஸ் கார்டை வச்சுக்கிட்டே ஆகணும். பழைய கார்டுல இருந்து ஒரு கேபிள் வூடூவுக்கு, வூடூவுல இருந்து மானிட்டருக்கு. கேம் ஆரம்பிச்சதும் வூடூ திரையைப் பிடிச்சுக்கும். இருக்கிற பிசியைத் தூக்கிப் போடாம, ஒரே ஒரு பிசிஐ கார்டைச் செருகி அதைக் கேமிங் பிசியா மாத்தலாம். பழைய பாகங்களைச் சுற்றிக் கட்டறதுதான் 3டி பிசி கேமிங்கோட ஆரம்பமே.

அதுக்கப்புறம் 1997-ல் ஏஜிபி வந்தது, அது போய் பிசிஐ எக்ஸ்பிரஸ் வந்தது. இந்தக் கடைசி ஸ்லாட்டின் முதல் விதிமுறை 2002-ல் எழுதப்பட்டது. ஒவ்வொரு தலைமுறையும் முந்தினதோட பேசணும்னு அதுல இருக்கு. அதனாலதான் 2012 மதர்போர்டுல இருக்கிற மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டுல, நான்காம் தலைமுறைக்குச் செஞ்ச கார்டும் ஓடும், கொஞ்சம் வேகம் குறைஞ்சு.

எவ்வளவு குறையும்ங்கறது கார்டைப் பொறுத்தது. 2022-ல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டுல 4 லேன்தான் இருக்கு. பழைய ஸ்லாட்டுல அது நல்லாவே திணறும். 8 லேன் இருக்கிற ஆர்எக்ஸ் 6600-க்கு இழப்பு குறைவு. பழைய போர்டுக்குக் கார்டு வாங்கறவங்க விலைக்கு அப்புறம் பார்க்க வேண்டிய முதல் எண் இதுதான்.

சாகிற பாகங்கள்

இதுவரைக்கும் சொன்னது வாழற பாகங்கள். பிராசசருக்கு வந்தா கதை மாறும். கேபினட் அளவு பலருக்குப் பொது. பிராசசர் உட்கார்ற சாக்கெட், அதைச் செய்யற கம்பெனியோட சொத்து. இன்டெல் 2009-ல் 1156 சாக்கெட், 2011-ல் 1155, 2013-ல் 1150, 2015-ல் 1151 என்று மாற்றிக்கொண்டே வந்தது. 2017-ல் எட்டாம் தலைமுறை வந்தப்போ பின் எண்ணிக்கை அதே 1151. பிராசசர் உள்ள உட்காரவும் செஞ்சது. ஆனா பழைய போர்டுல ஓடாதுன்னு சொல்லிட்டாங்க. பயாஸை மாத்தி, சில பின்களை டேப் ஒட்டி மறைச்சு, ஓட வச்சுக் காட்டின ஆளுங்க உண்டு.

ஏஎம்டி பக்கம் வேற மாதிரி நடந்தது. 2017-ல் ரைசன் வந்த ஏஎம்4 சாக்கெட்டைப் பல வருஷம் வச்சிருந்தாங்க. 2020 மே மாசம், அடுத்து வர்ற ரைசன் பிராசசர்கள் 400 வரிசை போர்டுகளில் ஓடாதுன்னு அறிவிச்சாங்க. பயாஸ் சிப்புல இடம் போதாதுங்கறது சொன்ன காரணம். ஏற்கனவே போர்டு வாங்கினவங்க சும்மா விடலை. அதே மாசத்துலயே ஏஎம்டி முடிவை மாத்திக்கிச்சு. 2022-ல் 300 வரிசை போர்டுகளுக்கும் கதவு திறந்தது. 2017-ல் வாங்கின போர்டுல, 2022-ல் வந்த 5800எக்ஸ்3டி மாதிரி ஒரு கேமிங் பிராசசரைப் போட முடிஞ்சது. 1988-ல் 9 கம்பெனிகள் சேர்ந்து செஞ்ச வேலையை, இந்தத் தடவை வாடிக்கையாளர்களே சத்தம் போட்டுச் செஞ்சாங்க.

ரேமுக்கு ரெண்டும் கலந்த கதை. டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 எல்லாம் பொது விதிதான். எந்தக் கம்பெனி ரேமும் எந்தக் கம்பெனி போர்டுலயும் ஓடும். ஆனா தலைமுறை மாறினா நடுவுல இருக்கிற வெட்டு இடம் மாறும், உட்காராது. அதனால ரேம் பிராசசரோட சேர்ந்தேதான் போகும்.

எஸ்எம்பிஎஸ்: பொருந்தும், ஆனா நம்பாதீங்க

கடைசியா ஒரு ஏமாத்துக்காரப் பாகம். எஸ்எம்பிஎஸ். ஏடிஎக்ஸ் அளவு, அதே ஸ்க்ரூ, அதே 24 பின். பார்த்தா அப்படியே வச்சுக்கலாம்னு தோணும். இங்கதான் நிறைய பேர் புது கார்டைப் பறிகொடுக்கறாங்க.

1990-களில் கணினி பெரும்பாலும் 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் ஓடியது. 2000-ல் பென்டியம் 4 வந்தபோது பிராசசரின் பசி 12 வோல்ட் பக்கம் போனது. கிராஃபிக்ஸ் கார்டும் அதே பக்கம். மலிவான எஸ்எம்பிஎஸ்ல பெட்டி மேல "450 வாட்" இருக்கும். ஸ்டிக்கர்ல 12 வோல்ட் வரியைப் பாருங்க. 16 ஆம்பியர்னு இருந்தா, 12 பெருக்கல் 16, 192 வாட். அதுதான் நிஜத்துல உங்க கேமுக்குக் கிடைக்கிறது. கோர் ஐ5 3470-க்கு 77 வாட், ஆர்எக்ஸ் 6600-க்கு 132 வாட். கூட்டினா 209. ஃபேன், டிஸ்க் கணக்குல வர்றதுக்கு முன்னாடியே தாண்டிருச்சு.

வயசும் ஒரு பிரச்சினை. உள்ள இருக்கிற கெப்பாசிட்டர்கள் சூட்டுல காய்ஞ்சுகிட்டே வரும். கரண்ட் போய் யுபிஎஸ் பிடிக்கிற அந்தச் சின்ன இடைவெளியில மெஷினைத் தாங்கறது அதுங்கதான். நல்ல எஸ்எம்பிஎஸ் சுமார் 16 மில்லிசெகண்ட் தாங்கும். 2012-ல் சென்னையில தினமும் பவர் கட் இருந்த காலத்தைத் தாண்டி வந்த பெட்டிகள் இவை. யுபிஎஸ் இருந்தும் மெஷின் ரீஸ்டார்ட் ஆகுதுன்னா, யுபிஎஸ்ஸை மட்டும் திட்டாதீங்க.

அப்போ தம்பிக்கு என்ன பதில்?

கேபினட், மானிட்டர், கீபோர்டு, மவுஸ்: வச்சுக்கோங்க. இதெல்லாம் பொது அளவுல இருக்கு. கேபினட்ல முன்னாடி ஒரு ஃபேன் கூடுதலா போடுங்க. நீளமான கார்டு உள்ள போகுமான்னு ஸ்கேல் வச்சு அளந்துட்டுக் கடைக்குப் போங்க.

ஹார்ட் டிஸ்க்: சாட்டா கேபிள் மாறலை, அதனால பழைய படங்களையும் போட்டோக்களையும் வைக்கலாம். ரெண்டாவது காப்பி வேற எங்கயாவது இருக்கணும். கேமுக்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் ஒரு சாட்டா எஸ்எஸ்டி. இந்த ஒரு மாற்றத்துல மெஷின் வேறயா தெரியும், அடுத்த பிசிக்கும் அது கூடவே வரும்.

எஸ்எம்பிஎஸ்: முதல்ல மாத்துங்க. நல்லதா வாங்கினா இதுவும் அடுத்த பிசிக்கு வரும்.

கிராஃபிக்ஸ் கார்டு: எஸ்எம்பிஎஸ் மாத்த இப்போ காசு இல்லைன்னா, ஸ்லாட் தர்ற 75 வாட்டுக்குள்ள ஓடுற கார்டைப் பாருங்க. ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி மாடலும், ஜிடிஎக்ஸ் 1650-இன் பல மாடல்களும் தனி பவர் கேபிள் கேட்காது. ஆனா ஸ்டிக்கர் கணக்கு அப்பவும் உண்டு. இன்டெல் ஆர்க் கார்டுகள் பழைய போர்டுக்கு ஒத்து வராது. அதுக்குத் தேவையான ஒரு வசதி இந்தத் தலைமுறைப் போர்டுகள்ல இல்ல.

பிராசசர், போர்டு, ரேம்: மூணும் ஒரே குடும்பம், மாத்தினா சேர்த்துத்தான் மாத்தணும். அதைக் கடைசியா வைங்க. மூன்றாம் தலைமுறை ஐ5-ல ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு கிடையாது. அது இல்லாம தொடங்கவே தொடங்காத சில புது கேம்கள் இருக்கு. கொஞ்சம் பழைய கேம்களுக்கு இன்னும் ஓடும். மாத்தற நாள் வந்தா, பழைய ஏஎம்4 போர்டும் டிடிஆர்4 ரேமும் நண்பர்கள் வட்டத்துல கிடைக்குமான்னு முதல்ல கேளுங்க.

விண்டோஸ் விஷயத்துக்கு லினக்ஸ் ஒரு நிஜமான வழி. 2018-ல் வால்வ் நிறுவனம் கொண்டு வந்த புரோட்டான் மூலமா ஸ்டீம்ல இருக்கிற ஏகப்பட்ட விண்டோஸ் கேம்கள் லினக்ஸ்ல ஓடுது. வாலரன்ட் மட்டும்தான் வேணும்னா இந்த வழி உதவாது, அதோட ஆன்டி சீட் லினக்ஸை ஏத்துக்காது.

ஒரு எச்சரிக்கையும். ஆபீஸ்கள்ல இருந்து கழிச்சுவிட்ட, சின்ன சைஸ் பிராண்டட் டெஸ்க்டாப்கள் மலிவா கிடைக்குது. அதுல பலதுல எஸ்எம்பிஎஸ் கனெக்டரும் போர்டு அளவும் அந்தக் கம்பெனியோட சொந்த அளவு. வாங்கும்போது நல்ல விலை, ஆனா அதுக்குள்ள எதையும் மாத்த முடியாது. பார்த்து வாங்குங்க.

இப்போ லேப்டாப்கள்ல ரேமை போர்டோட சேர்த்தே ஒட்டி விக்கறது வழக்கமா ஆகிட்டு வருது. மெல்லிசா இருக்கும், வேகமும் இருக்கும், அதுக்கு நியாயமான காரணங்களும் உண்டு. 1987-ல் மைக்ரோ சேனலுக்கும் நியாயமான காரணம் இருந்தது. நாம வாங்கற ஒவ்வொரு பொருளும் இந்த ரெண்டு பக்கத்துல ஒரு பக்கத்துக்குப் போடற ஓட்டு மாதிரி. அதனால கடையில எத்தனை ஜிபி, எத்தனை கோர்னு கேட்டு முடிச்சதும் இன்னொரு கேள்வியும் கேளுங்க: "அண்ணா, இதை நாளைக்கு வேற பெட்டியில போடலாமா?"

உங்க பிசியில இன்னும் ஓடிக்கிட்டு இருக்கிற ரொம்பப் பழைய பார்ட் எது, எந்த வருஷத்துது, அதுல என்ன கேம் ஆடறீங்கன்னு எங்களுக்கு எழுதுங்க. நல்ல கதைகளை ஒரு எபிசோட்ல படிக்கறேன். அடுத்த வாரம் பார்க்கலாம்.